முத்திரை விழுந்த முகம்

என் அத்தையின் முதுகில் இந்த நாடே எச்சில் தடவியிருக்கிறது. இது நான் சொன்ன வாக்கியம் இல்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர், அத்தை சாமான் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம் எடுத்துவிட்ட நகைச்சுவை. கூட நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடைய ஒழுங்கா போடுங்க, அப்புறம் சிரிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

விஷயம் இவ்வளவுதான். அத்தை ஒரு தபால்தலையில் இருந்தாள். கையில் ஒரு குழந்தை, கீழே 'தாயும் சேயும்' என்று எழுத்து. அந்தக் குழந்தை நான். தாய் அவளில்லை. என்னைப் பெற்றவள் அவளுடைய அண்ணி, அதாவது என் அம்மா. லட்சக்கணக்கில் அச்சாகி, உறை மேல் உட்கார்ந்து ஊர் ஊராகப் போன பொய் அது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்களைத் தவிர. அன்றிலிருந்து அவள் 'ஸ்டாம்பு அத்தை'. அத்தை முறையே இல்லாதவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் என் அப்பாவின் தங்கை. அவளைக் கட்டியவர் எங்கள் தெருக்கோடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். மாமாவுக்கு மரியாதைப் பன்மை போடுகிறேன் என்றால் அது பழக்கம்தான், மனதார இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவரைப் பற்றி நான் நியாயமாகப் பேசப்போவதில்லை.

ஸ்டூடியோவின் முன்னறையில் ஒரு மேசை, கண்ணாடிக்கு அடியில் மாதிரிப் படங்கள். நடு அறையில் இரண்டு பெரிய விளக்குகள், ஏரியும் மலையும் வரைந்த ஒரு திரை, உட்கார்ந்தால் முனகும் ஒரு நாற்காலி. அதற்குப் பின்னால் இருட்டறை. இருட்டறைக்கும் பின்னால் அவர்கள் குடியிருந்த ஒரே அறையும் சமையல்கட்டும். படம் கழுவும் மருந்தின் புளித்த வாசனை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். அத்தைக்கு அது பழகிப்போயிருந்தது. "ஊர்ல எல்லாரும் சாம்பிராணி போடுறாங்க, எங்க வீட்ல ஹைப்போ" என்பாள்.

மாமாவுக்குத் தொழில் போட்டோ, பைத்தியம் தபால்தலை. பகலில் எந்தத் தட்டில் கல்லூரிப் பெண்களின் முகம் மிதந்ததோ, மாலையில் அதே தட்டில் உறையிலிருந்து வெட்டிய மூலைகள் மிதக்கும். பசை விட்டுப் பிரிந்ததும் போட்டோ எடுக்கிற அதே இடுக்கியால் தூக்கி, போட்டோ உலர்த்துகிற அதே ஒற்றுத்தாளில் குப்புறப் போடுவார். நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடியாலேயே ஓரத்துப் பற்களை எண்ணுவார். "ரெண்டும் ஒரே வேலைதான். முகத்தச் சின்னதாக்கி, காகிதத்துல ஏத்தி, ஆல்பத்துல பூட்டுறது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரு முறை தட்டைச் சரியாகக் கழுவாமல் விட்டு, மிச்சமிருந்த மருந்தில் ஒரு வரிசைத் தபால்தலைகள் மஞ்சளித்துப் போயின. அன்று ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அத்தைக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தபோது மறுநாளே கடை திறந்தவர்தான் அவர். இரண்டும் அப்பா எனக்குச் சொன்னவை. அப்பா தனித்தனியாகத்தான் சொன்னார், சேர்த்து வைத்துப் பார்த்தவன் நான்.

அத்தை ஸ்டூடியோவில் சும்மா இருந்தவள் இல்லை. அச்சான படத்தில் தூசி விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஜன்னலோரம் ஒரு சிறு மேசை போட்டு உட்கார்ந்து, நாலே மயிர் உள்ள தூரிகையை நாக்கு நுனியில் நனைத்து, கறுப்பைத் தொட்டு அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்பாள். ஸ்டாம்ப் சைஸ் படங்களை வெட்டி உறையில் போடுவதும் அவள்தான். அந்த வேலை அவள் கண்ணை ஒரு மாதிரி ஆக்கிவிட்டது. யாரைப் பற்றிப் பேசினாலும், "நல்ல மனுஷன், ஆனா மூக்குக்கிட்ட எப்பவும் தூசி உக்காரும்" என்பாள். மளிகைக் கடைக்காரருக்கு எத்தனை அடைத்தாலும் தீராது என்பது அவள் கருத்து.

அவளும் அம்மாவும் அப்போது நகமும் சதையுமாக இருந்தவர்கள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவது நல்லதுக்கில்லை என்று சொந்தக்காரர்கள் கண் வைத்தார்கள். நான் பிறந்தபிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அந்தக் காலம் முழுக்க என்னைக் குளிப்பாட்டியது, தூங்கவைத்தது, வாந்தி துடைத்தது எல்லாம் அத்தை. இடுப்பிலிருந்து இறக்கமாட்டாளாம். அம்மாவே சிரித்துக்கொண்டு, "பசிச்சா மட்டும் என்கிட்ட குடு, மத்தபடி நீயே வெச்சுக்கோ" என்பாளாம். இந்த வாக்கியத்தை அம்மா பின்னாளில் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்போதுதான் தபால் துறை ஒரு போட்டி அறிவித்தது. தாய் சேய் நலம் பற்றி ஒரு தபால்தலை வெளியிடப் போகிறார்கள், அதற்குப் படம் வேண்டும், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "போட்டோ எடுத்தா ஒரு வீட்ல தொங்கும். ஸ்டாம்பாச்சுன்னா எல்லா வீட்டுக்கும் போகும்" என்று அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கனவு அது.

தாய்க்கும் சேய்க்கும் அவர் வெளியே போய் அலைய வேண்டியிருக்கவில்லை. அம்மா இருந்தாள், நான் இருந்தேன். ஆனால் மாமாவிடம் ஒரு கறுப்பு அட்டை இருந்தது. தபால்தலை அளவுக்கு நடுவில் ஓர் ஓட்டை வெட்டியது. அதைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஓட்டை வழியாக முகங்களைப் பார்ப்பார். அன்று என்னை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த அம்மாவையும் அப்படிப் பார்த்தார். பிறகு அட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க முகம் பெருசுல நல்லா இருக்கு. சின்னதாக்கினா கரைஞ்சு போயிடும். இவ முகம் நிக்கும்."

காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்த அம்மா அப்போதும் சிரித்தாள். "சரி, நிக்கிற முகமே உக்காரட்டும்" என்று எழுந்து, என்னை அத்தை கையில் கொடுத்தாள்.

விளக்கைப் போட்டதும் நான் அழ ஆரம்பித்தேனாம். அத்தை தட்டிக்கொடுத்தும் நிற்கவில்லை. மாமா அம்மாவைக் கூப்பிட்டு, விளக்குக்குப் பின்னால் நின்று ஏதாவது ஆட்டச் சொன்னார். அம்மா வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினாள். நான் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தேன். மாமா அமுக்கிவிட்டார். அதாவது, நாடு முழுக்கப் போன அந்தச் சிரிப்பு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் படத்தில் அத்தை என்னைக் குனிந்து பார்க்கிறாளே, அதற்கு யாரும் சாவி ஆட்டவில்லை.

அந்தப் படத்தில் மொத்தம் இரண்டு அச்சு. தாள் கிடைக்காத காலம். நெகட்டிவோடு ஒன்று போட்டிக்குப் போனது. தபால் அட்டை அளவில் இன்னொன்றை அத்தை கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, புள்ளி அடைக்கிற மேசைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். ஊரார் முகங்களைச் சுத்தம் செய்தபடி நடுநடுவே தலையைத் தூக்கி அதைப் பார்ப்பாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது என்று நினைக்கிறேன். பிள்ளை பெறாதவளுக்குக் கிடைத்த ஒரு சான்று அது, தானும் ஒரு முறை அப்படி உட்கார்ந்திருந்ததற்கு.

படம் தேர்வானது. மாமாவின் பெயர் பத்திரிகையில் வந்தது. படத்தில் இருந்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தபால்தலை வெளியாகிற அன்று காலை மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தை சமையல்கட்டில் இருந்தபோது சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். கண்ணாடியை நீக்கி, படத்தை மட்டும் ஓர் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனார்.

சேகரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தபால்தலையில் என்ன படம் இருக்கிறதோ அதே படம் போட்ட அட்டையைத் தேடிப்பிடித்து, படத்தின் மேலேயே தபால்தலையை ஒட்டி, வெளியீட்டு நாளன்றே முத்திரை குத்தி வாங்குவார்கள். முத்திரையின் பாதி தபால்தலை மேலும் பாதி படத்தின் மேலும் விழவேண்டும். மேக்ஸிமம் கார்டு என்று அதற்குப் பெயர். கடையில் விற்கிற அட்டையில் செய்தாலே அதற்கு மதிப்பு. மாமா செய்தது மூலப்படத்தின் மேலேயே. தபால்தலை எந்தப் படத்திலிருந்து பிறந்ததோ அந்தப் படத்தின் மேலேயே தபால்தலை. உலகத்தில் ஒரு சேகரிப்பாளனுக்கும் வாய்க்காதது.

முத்திரை குத்துகிற ஊழியருக்குக் கை கனம். ஓங்கிக் குத்தினார். வட்டத்தில் பாதி தபால்தலையில் விழுந்தது. மீதிப் பாதி, தேதியோடும் அலை அலையான கோடுகளோடும், படத்திலிருந்த என் முகத்தில் விழுந்தது.

மாமா துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "பாரு, மை எப்படிப் படிஞ்சிருக்கு பாரு! ஒரு எழுத்துகூட மங்கல!" என்று அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அத்தை அதைக் கையில் வாங்கவில்லை. "குழந்த மூஞ்சில கரியப் பூசிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

"கரியா? இதோட அருமை உனக்கு என்ன தெரியும்?"

"இது என் படம். என்னக் கேக்கணும்னு தோணலையா?"

"நெகட்டிவ் திரும்பி வரட்டும், பத்து காப்பி போட்டுத் தரேன். இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?"

நெகட்டிவ் திரும்பி வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரிந்திருக்கும், போட்டி விதியிலேயே இருந்தது. அதே படத்தைக் கேமரா முன்னால் வைத்து இன்னொரு படம் எடுத்துவிட்டு எடுத்துப்போயிருக்கலாம். ஊரார் பழைய படங்களுக்கெல்லாம் தினம் செய்கிற வேலைதான். அவருக்குத் தோன்றவே இல்லை. போட்டோக்காரன் புத்தி அன்று காலை ஸ்டாம்புக்காரன் புத்தியிடம் விலைபோய்விட்டது. அட்டையை இரும்பு பீரோவில் பூட்டினார். கைரேகை படக்கூடாதாம்.

சிலர் அத்தையிடம் கேட்டார்கள், அதே படம்தானே ஸ்டாம்பில் இருக்கிறது, ஒரு தாளாக வாங்கி வைத்துக்கொள்ளேன் என்று. அவள் ஒரே ஒரு முறை பதில் சொன்னாள். "அது கோடு கோடா செதுக்கினது. அதுல என் கண்ணு இருக்கிற எடத்துல ரெண்டு புள்ளிதான் இருக்கு." புள்ளிகளோடு வாழ்ந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தத் தபால்தலையை அவள் காசு கொடுத்து வாங்கியதே இல்லை.

இதெல்லாம் அத்தைக்கு நேர்ந்தது. அம்மாவுக்கு நேர்ந்தது அதற்குச் சில வாரம் கழித்து. எனக்குத் தடுப்பூசி போட அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். தபால்தலையைப் பெரிதாக்கி அங்கே சுவரொட்டியாக ஒட்டியிருந்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கையைத் தட்டி மற்றவர்களைக் கூப்பிட்டாள். "ஏய், இது ஸ்டாம்புக் குழந்தடி!" எல்லோரும் வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்கள். பிறகு நர்ஸ் அம்மாவிடம் திரும்பி, "இவன் அம்மா வரலையா? உன்ன அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். வேலைக்காரியிடம் பேசுகிற குரலில்.

அம்மா ஊசியும் போடாமல் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள். அத்தை ஜன்னலோரம் தூரிகையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தூரிகையை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"தொடாத" என்றாள் அம்மா.

அத்தைக்கு விளங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"ஊருக்கெல்லாம் நீதான இவனுக்கு அம்மா? போதும். அவன் என்னப் பாத்துச் சிரிச்ச சிரிப்பக்கூட உன் கணக்குல எழுதிட்டாங்க. இனிமே உன் கை என் புள்ள மேல படக்கூடாது. பட்டுச்சு, அப்புறம் என்ன நீ உயிரோட பாக்கமாட்ட."

"அண்ணி, நானா போய் உக்காந்தேன்? நீங்கதான..."

"படக்கூடாதுன்னா படக்கூடாது."

அத்தை கையை மடியில் இறக்கிக்கொண்டாள். "சரி அண்ணி" என்றாள். அம்மா படியிறங்கிப் போனபிறகு மாமா இருட்டறையிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்தபடி, "யாரு வந்தது?" என்று கேட்டாராம்.

என் வயிற்றெரிச்சலே இதுதான். ஓட்டை அட்டையால் பார்த்து, ஒருத்தியின் முகம் கரையும் என்று எழுப்பிவிட்டவர் அவர். இன்னொருத்தியின் படத்தைக் கேட்காமல் எடுத்துப்போய் முத்திரை குத்தியவர் அவர். இரண்டு பேரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி தின்றுகொண்டார்கள். அப்பா மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினார். பேசிப் பார்த்தார், தோற்றார், பிறகு தங்கையைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொண்டார். மாமா அந்த அட்டையோடு கண்காட்சி கண்காட்சியாகப் போனார். முதலில் வெண்கலப் பதக்கம், அப்புறம் வெள்ளி, அப்புறம் தங்கம். சேகரிப்போர் சங்கத்துக்குத் தலைவரானார். முன்னறை மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதிரிப் படங்கள் போய்ப் பதக்கங்கள் வந்தன.

நான் வளர்ந்தேன். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் அம்மா பஸ் ஏற்றி வேறு ஊர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவாள். ஒரு முறை தேர்வுக்கு ஸ்டாம்ப் சைஸ் படம் மறுநாளே வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவிடம் சொல்லாமல் மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமா கேமராவுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்தார்.

"இங்க வா. பையன் காலர் மடிஞ்சிருக்கு, சரி பண்ணு."

அத்தை திரையோரம் வந்து நின்றாள். என்னை அவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்தது எத்தனையோ வருடம் கழித்து. முகம் முழுக்கப் பார்த்தாள், புள்ளி தேடுகிற மாதிரி. ஆனால் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

"நீங்களே சரி பண்ணுங்க" என்றாள்.

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

"அண்ணி சொல்லியிருக்காங்க."

"அவங்க இங்கயா இருக்காங்க?"

"இல்லாட்டி என்ன? சொன்னது சொன்னதுதான்."

நான் எழுந்து போய் அவள் முன்னால் நின்றிருக்கலாம். ஆனால் அவள் பின்னால் ஓர் அடி நகர்ந்தாள். கடைசியில் என் காலரை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன். மாமா படம் எடுத்தார். மறுநாள் படங்களை உறையில் போட்டு மேசை மேல் வைத்து, அத்தை விரலால் என் பக்கம் தள்ளினாள். "கன்னத்துல ஒரு தூசிகூட விழல உனக்கு" என்று மட்டும் சொன்னாள். அந்த அளவுக்கு ஒரு வாக்கைக் காப்பாற்றுகிறவளைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருவதற்குப் பதில் கோபம்தான் வந்தது. யாருக்காக இந்த விசுவாசமெல்லாம்?

நான் வேலைக்குப் போய், சம்பாதித்து, தொந்தி வளர்த்தபிறகு அத்தை வீட்டுக்கு வெளிப்படையாகவே போய் வந்தேன். அம்மா தடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. அப்பா போய்விட்டார். அடுத்து மாமாவும் போனார். தன் சேகரிப்பு முழுவதையும், தனக்கு வாரிசு இல்லாத காரணத்தால், சங்கத்துக்குக் கொடுப்பதாக அவர் எழுதிவைத்திருந்தார். பீரோவை வந்து சங்கத்தார் தூக்கிப்போனார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வந்தது. பின்னறை மட்டும் அத்தைக்கு மிஞ்சியது.

அத்தை அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த அட்டை. புதிய தலைவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "அதுதாம்மா எங்க மொத்தக் காட்சிக்கும் உயிர்நாடி. அத எடுத்தா மத்ததெல்லாம் வெறும் காகிதம். கண்காட்சி வைக்கும்போது சொல்றோம், வந்து பாருங்க." நான் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தேன். காப்பி கொடுத்து உட்காரவைத்துச் சட்டம் பேசினார்கள். ஆணியில் தொங்கிய படத்தை அவள் புருஷன் எடுத்தது தப்பு என்று நிரூபிக்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

போன மாதம் கண்காட்சி வைத்தார்கள். "ஒரு தடவ பாத்துட்டா போதும். கண்ணுல புரை வளருது, அப்புறம் பாத்தும் பிரயோஜனம் இல்ல" என்றாள் அத்தை. கூட்டிப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "நானும் வரேன்" என்றாள்.

"எதுக்கும்மா? அங்க வந்து சண்ட போடவா?"

"என் புள்ள படத்த நான் பாக்கக்கூடாதா?"

வாடகைக் காரில் இரண்டு பேரும் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். "அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுடா" என்று அம்மா முன் சீட்டிலிருந்த என்னிடம் சொன்னாள். "வேணாம்னு சொல்லுப்பா" என்றாள் அத்தை. ஒரு முழ தூரத்துச் செய்திக்கு நான் அஞ்சல்காரன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். அட்டையைத் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியில், விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அத்தை அதன் மேல் குனிந்தாள். முத்திரை இத்தனை வருடத்தில் ஒரு சுற்றும் மங்கவில்லை. அதற்கு அடியில் எங்கோ நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் முகம் மட்டும் முழுசாக இருந்தது. அவள் படத்திலிருந்த தன்னைப் பார்க்கவில்லை. முத்திரை விழுந்த இடத்தையே பார்த்தாள். தூரிகை பிடிக்கிற வலது கை விரல்கள் கண்ணாடி மேல் லேசாக அசைந்தன.

சட்டையில் சங்கத்தின் பேட்ஜ் குத்திய ஒருவர் வந்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி தோற்றம். "தொடாதீங்கம்மா" என்று ஆரம்பித்து, விளக்கம் சொன்னார். "இது மேக்ஸிமம் கார்டு. ஸ்டாம்ப் எந்தப் போட்டோலேந்து செஞ்சாங்களோ அந்த ஒரிஜினல் மேலயே ஒட்டியிருக்கு. எங்கயும் கிடையாது. முத்திரை பாருங்க, எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு."

அம்மா பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். "இதுல இருக்கிற பொம்பள யாரு?" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று பட்டது.

"அது யாரோ மாடல்மா. காசு குடுத்து உக்கார வெச்சிருப்பாங்க. குழந்தையக்கூட யார்கிட்டயாவது எரவல் வாங்கியிருப்பாங்க. அந்தக் காலத்துல அப்படித்தான்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசிவிட்டாள். குரல் கொஞ்சம் ஓங்கியது, பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"காசுக்கு உக்காந்த முகமா இது? உங்களுக்குக் கண்ணு தெரியலையா? அவ பாக்குற பார்வைய நல்லா பாருங்க. பெத்தவகூட அப்படிப் பாத்ததில்ல."

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று வேறு பக்கம் நழுவினார்.

அத்தை பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக நிமிர்ந்து, அம்மாவை நேருக்கு நேர் பார்த்தாள். இடையில் நான் இல்லாமல் அவளிடம் நேராகப் பேசினாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, இவன ஒரு தடவையாவது தூக்கியிருப்பேனே, அண்ணி. இப்ப இவன் தூக்குற கனமாவா இருக்கான்?"

எங்களுக்குப் பின்னால் ஒருவர் அந்த அட்டையைப் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாங்கள் நகர்வதற்காகக் காத்திருந்தார். மூன்று பேரும் நகர்ந்து வழிவிட்டோம்.